டூட்டி இல்லாத ஞாயிறு

சாத்தம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையான பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில், நர்ஸ் படிப்பு படிக்கும் தன் மனைவியை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து, கடலைத் தவிர எல்லாவற்றையும் கவனித்தேன்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு டூட்டியே இல்லையாம். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எங்க போனே? சச் போலோ, உண்மையைச் சொல்லு. பொய் சொன்னா படிப்பு இன்னையோட சரி."

"ஹாஸ்டலுக்குங்க. காலியாக் கிடந்த கட்டில்ல படுத்துத் தூங்கினேன்."

"நம்ம வீட்டுல கட்டில் இல்லையா?"

"இருக்கு. அதைச் சுத்தி உங்கம்மா, பிள்ளைங்க, நீங்க. எல்லாரும் எழுப்புறீங்க."

அவர் நம்பவில்லை. "தனியாவா தூங்கினே?"

"தனியாத் தூங்கத்தாங்க அவ்வளவு தூரம் போனேன்."

படகு கரை சேர்ந்ததும் அவர் எழுந்தார். இறங்கும்போது சொன்னார்: "அடுத்த ஞாயிறும் டூட்டின்னு அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். ஹாஸ்டல் ரூம் கதவை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க."