ஈயும் ஜீயும்

விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் என் மூன்று பைகளையும் மறுபடி எண்ணினேன். முன் இருக்கையில் நரைத்த நண்பர்கள் இருவர். அவர்களில் துபாயிலிருந்து வந்தவர் தந்த பொம்மை விமானத்தை மற்றவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்குல ரெண்டு கொப்புளம் இருக்குது. இது நம்ம பிளேன் இல்லடா."

"ஜெர்மன்காரன் சண்டை பிளேன், நூத்தியொம்பதாம் நம்பர்தானே?"

"ஸ்கூல்ல நாம மரத்துல செதுக்கினது அதுல இங்கிலீஷ் ஈ எழுத்து மாடல். பெரிய துப்பாக்கி வெச்சப்புறம்தான் ஜீ மாடலுக்கு மூக்கு புடைச்சிக்கினுச்சு."

"நீ போன்ல சொன்னது ஜீன்னுதான்டா கேட்டுச்சு. வுடு, அடுத்த தபா ஈ கொண்டாறேன்."

"அடுத்த தபாவா? இனிமே துபாய் போவமாட்டேன்னு சொன்னியே?"

துபாய்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது மற்றவர் சொன்னார்:

"கொப்புளத்த அரம் போட்டுத் தேய்ச்சிடலாம். எனக்கு இதுவே ஈதான்டா. நீ போவாத."