மூன்றாவது மாமியார்

இன்டர்வியூவுக்குப் போகிற பெண்கள் ஆட்டோவில் போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். தலை கலைந்துவிடும். பஸ்ஸில் போனால் புடவை கொஞ்சம் கசங்கும், அவ்வளவுதான். கசங்கின புடவையைப் பார்த்தால் எதிரே இருப்பவருக்கு ‘பாவம், பொறுப்பான பெண்’ என்று தோன்றும். கலைந்த தலையைப் பார்த்தால் வேறு என்னென்னவோ தோன்றும். பெங்களூர் முழுக்க அலைந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

என் பெயர் லாவண்யா. ஊர் திருப்பத்தூர். கல்யாணமாகி இங்கே வந்ததும் பொம்மசந்திராவில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. ரக்ஷா பிறந்ததும் அதை விட்டேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, இரண்டாயிரத்து ஒன்றில், மறுபடியும் வேலை தேடிக் கிளம்பினேன். நல்ல முகூர்த்தம் பார்த்தேன், போங்கள். வேலையில் இருப்பவர்களையே கம்பெனிகள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது.

எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. “நடுவுல அஞ்சு வருஷம் கேப் இருக்கே மேடம், என்ன பண்ணிட்டிருந்தீங்க?” ஜெயிலிலிருந்து வந்தவளைக் கேட்பதுபோல்தான் கேட்பார்கள். குழந்தை வளர்த்தேன் என்றால், கோழி வளர்த்தேன் என்று சொன்னதுபோல் ஒரு பார்வை. அடுத்தது, “இன்னொரு குழந்தை பிளான் இருக்கா?” இருக்கிறது என்றால் வேலை கிடையாது, இல்லை என்றால் நம்பமாட்டார்கள். ஓரிடத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த ஆள் உடனே ஒரு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

என் மாமியார் கோமளம் அப்போது எனக்கு ரொம்ப அனுசரணையாக இருந்தார். அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபமோ வருத்தமோ இருந்ததில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். மாநில அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பரின்டெண்டாக ரிட்டையர் ஆனவர். தேதி போடாத காகிதத்தை விரலால்கூடத் தொடமாட்டார். சொந்தக்காரர்களின் டெலிபோன் நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம். தொம்மலூரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர், போன வாரம் பீன்ஸ் என்ன விலைக்கு விற்றோம் என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். நான் களைத்துப்போய் வந்தால் காபி கலந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்வார்.

“இன்னிக்கு என்னடி கேட்டா?”

“அதேதாம்மா. அஞ்சு வருஷம் என்ன பண்ணினேன்னு.”

“சும்மனே எதுக்குக் கதை கட்டறே? உள்ளதைச் சொல்லு. உண்மைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”

காலமெல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்குப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு உண்மைமேல் இப்படி ஒரு பிரியம் இருக்கத்தான் செய்யும். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ரிங் ரோடில் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே பர்சனல் மேனேஜர் ஜூடித் என்பவர்; ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், என் அம்மா வயசு இருக்கும். அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்தது: “மாமியாருக்கு உடம்பு முடியலை மேடம். நான்தான் கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அச்சோ. என்னம்மா அவங்களுக்கு?”

இங்கேதான் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. கால் முடியவில்லை என்று சொல்ல வழியில்லை. கோமளம் காலையும் மாலையும் தொம்மலூரை அளந்துவிட்டு வருகிறவர். சர்க்கரை என்றும் சொல்ல முடியாது. ஜாங்கிரியைக் கண்டால் விடமாட்டார். ஆளைப் பார்த்தால் தெரியாத நோயாக இருக்கவேண்டும். ஞாபக மறதி என்றேன்.

ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் அதேதானாம். அடுத்த திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டபோது வந்த சந்தோஷம், தாலி ஏறியபோதுகூட வந்ததில்லை. என் கணவர் ரகுராமிடம் இதைப் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதே: யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஜூடித் மதத்தை மாற்றிக்கொண்ட குடும்பமே தவிர, ஹார்லிக்ஸை விட்ட குடும்பமில்லை. “இந்த சண்டே சர்ச் முடிஞ்சு அப்படியே வந்து அம்மாவைப் பாக்கறேன்” என்றார். நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. போலிச் சான்றிதழ் கொடுத்த ஒரு பையனை அந்த வாரம்தான் அவர் அரை மணி நேரத்தில் மூட்டை கட்ட வைத்திருந்தார். மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

கொஞ்சம் நடியுங்கள் என்று கோமளத்திடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ரேஷன் கடையில் தவறுதலாகக் கூடப் போட்ட அரை கிலோ சர்க்கரையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரைப் பொய் சொல்லச் சொல்வது பாவம். அதனால் அவரைப் பொய்யில் இழுக்காமலே காரியம் நடக்கிற வழியைப் பார்த்தேன். ரகுராமிடம், ஜூடித் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று சொன்னேன். கோமளத்திடம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜூடித் வந்து நின்றபோது கோமளம் பழைய புடவையும் தலை நிறைய எண்ணெயுமாக இருந்தார். “ஏண்டி, அடுத்த வாரம்னுதானே சொன்னே?”

“இன்னிக்குத்தான்னு எத்தனை தடவை சொன்னேன்மா” என்று அவர் தோளை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லையே. அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு நீ சொன்னே. நான் கோதுமை சலிச்சிண்டிருந்தேன், நீ வந்து சொன்னே.”

ரகுராம் உலகத்தில் சூது என்று ஒன்று இருப்பதையே அறியாதவர். நல்ல சாட்சிக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டும். “அம்மா, இன்னிக்குத்தான். என்கிட்டகூடச் சொன்னாளே” என்றார்.

கோமளம் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு வந்தவருக்கு முன்னால் தலையில் எண்ணெயோடு நிற்கிறோமே என்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். அந்தப் பதற்றத்தில் காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை. ஜூடித் அந்தக் காபியை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மம்மிக்கும் இப்படித்தான்மா ஆரம்பிச்சுது” என்றார்.

ஒரு முறையோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜூடித் வாராவாரம் விசாரித்தார், வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினார். என்றைக்காவது தெருவில் கோமளத்தைப் பார்த்து, கோமளமும் அவர் அன்றைக்குக் கட்டியிருந்த புடவையின் கரை என்ன நிறம் என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன? பயிர் வைத்தவன் தண்ணீர் விட்டுத்தானே ஆகவேண்டும். கோமளம் அணைத்த அடுப்பைச் சின்னதாக ஏற்றிவைப்பேன். மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, நானே தேடி எடுத்துக் கொடுப்பேன். திட்டியதே கிடையாது. “பரவாயில்லைம்மா, வயசானா வரதுதான்” என்பேன். இவ்வளவு தன்மையாகப் பேசும் மருமகள் தெருவில் வேறு யாருமில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

கோமளம் லேசுப்பட்டவரா? மறக்கக் கூடாத விஷயத்துக்கெல்லாம் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட ஆரம்பித்தார். பால்காரரிடம் கேட்க ஒன்று, ரக்ஷாவின் சீருடைக்கு ஒன்று. முடிச்சை அவிழ்த்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். பிரயோஜனமில்லை, முடிச்சு இல்லாவிட்டாலும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது, கூடவே இன்னொரு முடிச்சுப் போட்டுவைத்தேன்.

எழுந்து அதைப் பார்த்தார். சாயங்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தார். நடக்கப் போகவில்லை. ரக்ஷா கூப்பிட்டதும் காதில் விழவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். “இது எதுக்குடி போட்டேன்?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த முடிச்சு எதற்காகவும் போட்டதில்லையே.

ரகுராம் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை, வயசுதான் என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் கெட்டிக்காரர். ஆனால் அதற்குள் கோமளமே அவரை நம்பத் தயாராக இல்லை. பீரோ சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அடுப்படிக்கு வருவதை நிறுத்தினார். காய்கறி வண்டிக்காரர் பழைய விலையைக் கேட்டால், “என்னைக் கேக்காதேப்பா” என்று உள்ளே போய்விடுவார். ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வருகிறேன், எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நல்ல வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்.

“உள்ளே போகாம ஏம்மா நிக்கறேள்?”

“இது நம்மாத்துக் கேட் மாதிரிதான் இருக்கு. எதுக்கும் நீ வந்து சொல்லட்டுமேன்னு நின்னேன்.”

அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் மோர் கொடுத்தேன். அவரை இனித் தனியாக விடக் கூடாது என்று ரகுராம் சொன்னார். யார் வீட்டில் இருப்பது என்று விவாதம் எல்லாம் நடக்கவில்லை. அந்த மாதிரி விஷயங்களில் விவாதம் நடக்காது. நான் வேலையை விட்டேன். ஜூடித் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டோடு இருந்து கோமளத்தைப் பார்த்துக்கொண்டேன். தலை பின்னி, சோறு பிசைந்து, இது என்ன கிழமை என்று தினமும் காலையில் சொல்லி. குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு மரகதம் என்ற அம்மாள் பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். மறுபடியும் பஸ், மறுபடியும் இன்டர்வியூ. மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை. மாமியாருக்கு ஞாபக மறதி, கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன் என்று தலை நிமிர்ந்து சொன்னேன். எதிரே இருந்தவன் யுவன் என்று ஒரு பையன். மீசை வரலாமா என்று இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இன்னிக்கு மட்டும் உங்களோடது மூணாவது மாமியார்.”

உண்மைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு என்பார் கோமளம். நான் பட்ட அவமானத்தை அவர் பார்த்திருக்கவேண்டும். நல்லவேளையாக, அவர் வெளியே ரிசப்ஷனில்தான் உட்கார்ந்திருந்தார். மரகதத்தின் பேத்திக்கு அன்றைக்குக் காது குத்து. வீட்டில் ஆள் இல்லையே என்று கூட்டிவந்திருந்தேன். வேண்டுமென்றே கூட்டிவந்ததாக நினைக்காதீர்கள். காது குத்து மத்தியானம்தானே, காலையில் வந்துவிட்டுப் போகிறேன் என்று மரகதம் சொன்னாள்தான். பாவம், அவளுக்கும் ஒரு முழு நாள் கிடைக்கட்டும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

“வெளியேதான் இருக்காங்க. நீங்களே பாத்துக்குங்க” என்றேன். பையன் சங்கடப்பட்டுக்கொண்டு எழுந்து வந்தான். அவனைக் கண்டதும் கோமளம் எழுந்து நின்றுகொண்டார், மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல. நான் இவருக்கு என்ன ஆயிற்று என்று விளக்குவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“இவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ சார். வேலையை விட்டது என்னாலதான். எனக்குப் புத்தி சரியில்லை. ஜூடித்னு ஒரு அம்மா ஆத்துக்கு வந்தா, அன்னிக்குக் கிழமையை மாத்திப் புரிஞ்சுண்டேன். பச்சைக் கரை போட்ட சந்தனக் கலர் புடவை, பாவம், சர்க்கரை இல்லாத காபியைக் குடிச்சுட்டுப் போனா. அடுத்த செவ்வாய்க்கிழமை அடுப்பை அணைக்காம வந்துட்டேன். அதுக்கப்புறம் கண்ணாடியை அரிசி டப்பாவுல போட்டேன். ஆடி மாசம் முந்தானையில ஒரு முடிச்சுப் போட்டேன், அது எதுக்குன்னு இன்னிவரைக்கும் தெரியலை.”

தேதிவாரியாக, ஒன்றுவிடாமல், ஒரு பைலைப் படித்துக்காட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். கோமளம் கடைசியில் கை கூப்பினார்.

“எனக்கா ஒண்ணும் தெரியறதில்லை சார். எல்லாம் இவ சொல்லித்தான் தெரியும். இவ மாதிரி மாட்டுப்பொண் யாருக்கும் கிடைக்கமாட்டா. வேலை குடுங்கோ.”

யுவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய், எப்போது சேர முடியும் என்று கேட்டான். வருகிற திங்கட்கிழமை சேர்கிறேன். நான் செய்ததை எல்லாம் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். என்ன நினைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் இந்த வேலையை மட்டும் நான் நேர்மையாகத்தான் வாங்கினேன். கோமளம் அன்றைக்குப் பேசினதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.