மேட்டுப் பாதையை அடைத்த நாள்

அக்கா: …அதெல்லாம் முடியாது. வந்த உடனே சாப்பாடு கிடையாது.

தம்பி: என்னக்கா இது? பசியோட வர்றவங்களை வாசல்லயே நிறுத்தச் சொல்றியா?

அக்கா: நிறுத்தச் சொல்லல, நடக்கச் சொல்றேன். தோட்டத்தைச் சுத்திக் காட்டு. மேல தண்ணித் தொட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போ.

தம்பி: தண்ணித் தொட்டிக்கா? அங்க என்ன இருக்கு?

அக்கா: தண்ணி இருக்கு.

தம்பி: அக்கா…

அக்கா: காத்து இருக்கு. அங்கேர்ந்து பாத்தா ஆறு தெரியும். விருந்தாளிங்களுக்கு அதெல்லாம் பிடிக்கும்.

தம்பி: இன்னைக்கு அவங்க வர்றதே ஆத்தோரமாத்தான். வழியெல்லாம் ஆத்தைப் பாத்துக்கிட்டே வந்தவங்களைச் செங்குத்தா ஏத்திவிட்டு, மறுபடி அதே ஆத்தைக் காட்டணுமா?

அக்கா: மேலேர்ந்து பாத்தா வேற மாதிரி இருக்கும்டா.

தம்பி: உனக்குக் கால்தானே பிசகிச்சு? தலையில எதுவும் அடிபடலையே?

அக்கா: கிண்டல் பண்ணாதே. அந்த ஸ்டூலை இப்படி இழு, காலைத் தூக்கி வெச்சுக்கறேன்… ஆ… மெல்ல!

தம்பி: நல்லா வீங்கியிருக்கு. பேசாம வீட்டுல படுத்திருக்கலாம் இல்ல? கூட்டிட்டு வர உன் ஜோடி கைடு இருக்காரு. மூட்டை முடிச்சு ஏத்திட்டு வர வேன் இருக்கு. இந்தக் காலோட அந்த வேன்ல தொத்திக்கிட்டு முன்னாடியே ஓடி வந்து, என் சமையல்கட்டுல உக்காந்து உத்தரவு போடணுமா?

அக்கா: போடணும். அடுப்பை அணை.

தம்பி: சூப்புக்கா! இப்பத்தான் கொதி வந்திருக்கு.

அக்கா: ஆறட்டும். அப்புறம் சூடு பண்ணிக்கலாம். ரொட்டியை மூடு. சீஸைக் கொண்டு போய் உள்ள வை. கண்ணுலயே படக்கூடாது.

தம்பி: ஒயின் கூஜாவை என்ன பண்றது? ரொப்பி மேஜை மேல வெச்சுட்டேன்.

அக்கா: ஒயின்… இன்னைக்கு ஒயின் வேண்டாம்டா.

தம்பி: என்னது?

அக்கா: எலுமிச்சம்பழ ஜூஸ் போடு. உப்பு, சர்க்கரை ரெண்டும் போட்டு.

தம்பி: ஊருக்கு ஊர் நல்லாச் சாப்பிடணும், நல்லாக் குடிக்கணும்னு லீவு போட்டுட்டு சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வர்ற ஜனங்க. கடைசி நாள், கடைசி நிறுத்தம், திராட்சைத் தோட்டம். அங்க போய் எலுமிச்சம்பழ ஜூஸா?

அக்கா: வெயில்ல வந்த உடனே ஒயின் ஆகாதுன்னு சொல்லு.

தம்பி: மேகம் மூடியிருக்கு. எட்டிப் பாரு.

அக்கா: எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பியே!

தம்பி: நீதான் எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கறே. உன் டூர் கம்பெனி முதலாளியம்மாவும் மிதிச்சுக்கிட்டு வர்றாங்களாமே, நிஜமா?

அக்கா: யார் சொன்னது?

தம்பி: வேன் டிரைவர்.

அக்கா: அவருக்கு வாயில ஒண்ணும் நிக்காது.

தம்பி: நிஜமா, இல்லையா?

அக்கா: வர்றாங்க. காலையில திடீர்னு வந்து நின்னாங்க. நான்தான் ஓட்டலையே, என் சைக்கிளை எடுத்துக்கிட்டாங்க.

தம்பி: எதுக்கு?

அக்கா: சும்மாத்தான். ஆபீஸ்லயே உக்காந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?

தம்பி: பொய் சொன்னா நீ மூக்கைத் தொடுவேக்கா.

அக்கா: அரிக்குதுடா. அப்படிப் பாக்காதே. சரி, சொல்லிடறேன். உன் நிறுத்தத்தை எடுத்துடலாமான்னு பாக்கத்தான் வர்றாங்க. பக்கத்துல இருக்கற பெரிய திராட்சைத் தோட்டத்துல பேசி வெச்சிருக்காங்க. அங்க ஹால் இருக்கு, மெத்தை போட்ட நாற்காலி இருக்கு, கழிவறையே வரிசையா இருக்கு…

தம்பி: இங்கயும்தான் இருக்கு.

அக்கா: ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் தாழ்ப்பாள் கிடையாது.

தம்பி: கயிறு கட்டியிருக்கேனே.

அக்கா: ஆமா, உள்ள உக்காந்து ஒரு கையால கயித்தைப் பிடிச்சுக்கணும். பெரிய வசதி!

தம்பி: ஏன்க்கா இதை முன்னாடியே சொல்லல?

அக்கா: சொன்னா ராத்திரி தூங்குவியா? எனக்கே தூக்கம் இல்ல. எங்க சைக்கிள் கூட்டம் வர்றதாலதான் இந்தத் தோட்டம் ஓடுது. அது நின்னுச்சுன்னா நீ செடியைப் புடுங்கிப் போட்டுட்டு மறுபடி டவுன் பஸ் ஓட்டப் போகணும். உன் பொண்டாட்டி போன வாரம் என்கிட்ட அழுதா.

தம்பி: அவ ஏன் உன்கிட்ட அழறா?

அக்கா: உன்கிட்ட அழுதா நீ கொடி வெட்டப் போயிடறியாம். அதான்.

தம்பி: சரி, விடு. ஒயினைப் பத்தி முதலாளியம்மா என்ன சொன்னாங்க?

அக்கா: ஒண்ணும் சொல்லல.

தம்பி: மூக்கு.

அக்கா: அட, கையைக் கட்டிக்கிட்டே பேசறேன் போதுமா? போன வருஷம் ஒரு தடவை கூட்டத்தோட வந்து குடிச்சாங்க இல்ல, ரெண்டு இடத்து ஒயினும் ஒரே மாதிரிதான் இருக்கு, அப்புறம் எதுக்கு அந்தக் கொட்டகையில போய் உக்காரணும்னு கேட்டாங்க.

தம்பி: ஒரே மாதிரின்னா சொன்னாங்க?

அக்கா: ஏன் உன் முகம் இப்படிப் போகுது? சந்தோஷப்படு. அவங்களுக்கு வியாபாரம் தெரிஞ்ச அளவுக்கு ருசி தெரியாது.

தம்பி: ஏன், ஒரே மாதிரி இல்லையா?

அக்கா: சூப் பொங்குது பாரு.

தம்பி: அணைச்சாச்சு. நீதானே அணைக்கச் சொன்னே? நீ பெரிய தோட்டத்து ஒயின் குடிச்சிருக்கியா?

அக்கா: மாமா ஆபீஸ் விருந்துல. ஒரு தடவை.

தம்பி: எப்படி இருந்துச்சு?

அக்கா: நல்லாத்தான் இருந்துச்சு.

தம்பி: இங்க குடிக்கறதைவிடவா?

அக்கா: வாயைக் கிளறாதேடா.

தம்பி: கேக்கறேன் இல்ல?

அக்கா: அது எங்க, இது எங்க! போதுமா? அது தொண்டையில இறங்கறதே தெரியல. இங்க ஊத்தறது… வேண்டாம், விடு.

தம்பி: இரு, இரு. இதுக்கும் தண்ணித் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா: எதுக்கும் எதுக்கும் முடிச்சுப் போடாதே.

தம்பி: நீதான் போட்டிருக்கே. மேட்டுப் பாதையில தார் போடறாங்க, அடைச்சுட்டாங்க. அதனால இன்னைக்கு ஆத்தோரமா வர்றாங்க. சரியா?

அக்கா: சரி.

தம்பி: ஆத்தோரமா வந்தா பாதி தூரம். மேடே கிடையாது. அப்போ இத்தனை நாள் எதுக்கு மேட்டு வழியா இழுத்துக்கிட்டு வந்தே?

அக்கா: மேலேர்ந்து பாத்தா நல்லா இருக்கும்.

தம்பி: நாக்குத் தள்ளிப் போய் வர்றாங்க. போன தடவை அந்த ஆசிரியர் சைக்கிளைக் கீழ போட்டுட்டு என் வாசப்படியிலயே படுத்துட்டாரு. அவர் என்னத்தைப் பாத்திருப்பாரு?

அக்கா: அவர் எழுந்திரிச்சு எத்தனை கிளாஸ் குடிச்சாரு, அதைச் சொல்லு.

தம்பி: ஓ.

அக்கா: என்ன ஓ?

தம்பி: அதுக்குத்தானா?

அக்கா: ஆமாடா! அந்த மேட்டுல ஏறி இறங்கி வந்தவனுக்கு எதைக் குடுத்தாலும் அமிர்தம்தான். கஞ்சித் தண்ணியைக் குடுத்தாலும் கண்ணை மூடிக்கிட்டு ஆஹாம்பான். மேடு ஏத்தாம உன் ஒயினை ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்ல. இன்னைக்கு முதல் தடவையா எல்லாரும் நோகாம வந்து இறங்கப் போறாங்க, கூடவே முதலாளியம்மா. சொல்ல வெச்சுட்டியே பாவி.

தம்பி: எப்பலேர்ந்துக்கா?

அக்கா: முதல் வருஷத்துலேர்ந்து. அப்பா போனப்புறம் நீ தனியாப் போட்ட முதல் ஒயின். எனக்குத்தான் முதல்ல ஊத்தினே.

தம்பி: நல்லா இருக்குன்னு சொன்னே.

அக்கா: சொன்னேன். பல்லெல்லாம் கூசிப் போய்ச் சொன்னேன். அடுத்த தடவையிலேர்ந்து வழியை மாத்திட்டேன்.

தம்பி: இந்த முட்டியை வெச்சுக்கிட்டு?

அக்கா: முட்டி போய் ரொம்ப நாளாச்சு. இப்போ கணுக்கால். அடுத்தது என்னன்னு பாக்கலாம்… டேய், என்ன, சிரிக்கறியா, அழறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணு.

தம்பி: சிரிக்கறேன்.

அக்கா: நல்ல வேளை. நான் எவ்வளவு பெரிய பேச்சு பேசிட்டேன்னு பயந்துட்டேன்.

தம்பி: பேசினது நல்லதுக்குத்தான். அந்த அடுப்பைப் பத்த வை, எட்டும் இல்ல? ரொட்டியைத் திற. யாரும் தண்ணித் தொட்டிக்குப் போக வேண்டாம்.

அக்கா: அப்போ ஒயின்?

தம்பி: அதை நான் பாத்துக்கறேன்.

அக்கா: கூஜாவைத் தூக்கிக்கிட்டு எங்க போறே? டேய்! என்ன பண்ணப் போறே?

தம்பி: பின்கட்டுக்கு.

அக்கா: பின்கட்டுல என்ன… மணிச் சத்தம் கேக்குது பாரு, வந்துட்டாங்க! டேய்!

* * *

அக்கா: கதவைச் சாத்து.

தம்பி: கிளாஸ் கழுவிக்கிட்டிருக்கேன்க்கா. கை ஈரம்.

அக்கா: ஈரத்தோடயே சாத்து. வெளிய எல்லாரும் வேன்ல சைக்கிள் ஏத்திக்கிட்டிருக்காங்க. அவங்க காதுல விழக்கூடாது.

தம்பி: சாத்திட்டேன். முதலாளியம்மா என்ன சொன்னாங்க?

அக்கா: முதல்ல நீ சொல்லு. என்ன ஊத்தினே?

தம்பி: ஒயின்.

அக்கா: அடி வாங்குவே. அந்தப் பல் டாக்டர் ரெண்டு வாய் குடிச்சிட்டு, துவர்க்குதுன்னு தள்ளி வெச்சாரு.

தம்பி: பாத்தேன். அவர் சூப்பையும்தான் தள்ளி வெச்சாரு.

அக்கா: குறை சொல்றதுக்குன்னே பொறந்த மனுஷன், அவரை விடு. அவர் வெச்சதைப் பக்கத்துல இருந்த தொப்பிக்காரம்மா எடுத்துக் குடிச்சாங்க. அதையும் பாத்தியா?

தம்பி: பாத்தேன்.

அக்கா: ஆத்தோரமா சொகுசா வந்தவங்கடா அவங்க. ஒரு சொட்டு வேர்வை இல்ல.

தம்பி: சரி, முதலாளியம்மா?

அக்கா: கிளாஸைக் கீழயே வெக்கல. வாயையும் திறக்கல. எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம் தனியாக் கூப்பிட்டு, இது வேற எங்கயும் கிடைக்காது போலிருக்கே, நிறுத்தம் இங்கயே இருக்கட்டும்னாங்க. கூடவே, உன் தம்பியை அந்தக் கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போடச் சொல்லுன்னாங்க.

தம்பி: நிஜமாவா? நிறுத்தம் இருக்கா?

அக்கா: இருக்கு. ஏன் அந்த கிளாஸை உடைக்கற மாதிரி பிடிச்சிருக்கே? கீழ வை.

தம்பி: பொண்டாட்டிகிட்ட போன் பண்ணிச் சொல்லணும்…

அக்கா: இரு! எங்கயும் போகாதே. எனக்கும் ஒரு வாய் குடிக்கக் குடுத்தாங்க.

தம்பி: குடிச்சியா?

அக்கா: குடிச்சேன். வேன்ல உக்காந்து வந்தவ நான், பசியும் இல்ல, தாகமும் இல்ல. ஆனாலும் இன்னொரு வாய் குடிக்கணும்னு இருந்துச்சு.

தம்பி: சந்தோஷம்தானே?

அக்கா: என்ன சந்தோஷம்! நீ ஊத்தற ஒயின் எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை குடிச்சிருக்கேன்! இது அது இல்ல. இல்லவே இல்ல. கூஜாவைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமா ஓடினியே, எங்க போனே? உண்மையைச் சொல்லு. பெரிய தோட்டத்து மேஸ்திரியும் நீயும் ரொம்ப ஒட்டு. அவர்கிட்ட வாங்கினியா? நான் மனசு நோகப் பேசினதுக்காக இப்படிப் பண்ணிட்டியா? பேசு!

தம்பி: மேஸ்திரிகிட்ட வாங்கினது உண்மைதான்க்கா.

அக்கா: ஐயோ!

தம்பி: முழுசாக் கேளு…

அக்கா: இன்னும் என்னத்தைக் கேக்கறது? அடுத்தவன் தோட்டத்து ஒயினை உன்னோடதுன்னு சொல்லி, என் முதலாளியம்மாவுக்கே ஊத்தியிருக்கே! தெரிஞ்சா உன் நிறுத்தமும் போகும், என் வேலையும் போகும். மேடு ஏத்தினேனே, அதுலயாவது ஒரு நியாயம் இருந்துச்சு. குடிச்சது உன்னோடதா இருந்துச்சு. இதுல என்னடா இருக்கு? அடுத்த மாசம் வந்து இதே ஒயின்தான் வேணும்னு கேப்பாங்க. அப்போ எங்க போய் நிப்பே, சொல்லு!

தம்பி: எங்கயும் போக வேண்டாம், பின்கட்டுல ரெண்டு பீப்பாய் இருக்கு. மேஸ்திரிகிட்ட வாங்கினது இத்தனை வருஷமா நீ மேடு ஏத்திக் குடிக்க வெச்சியே, அந்த ஒயின். முதல் வருஷம் உன் முகம் போன போக்கைப் பாத்தப்புறம் என்னோடதை வெளிய எடுக்கவே எனக்குத் தைரியம் வரல. பெரிய தோட்டத்து ஒயினுக்கே மேடு தேவைப்படுதுன்னு நீ இன்னைக்குச் சொன்னே பாரு, பயம் விட்டுப் போச்சு. இன்னைக்குத்தான்க்கா நம்ம ஒயினை ஊத்தினேன்.