812 விநாடித் துடிப்பு

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மதிய இடைவேளை நீளமானது. பாதிப் பேர் தொழுகைக்குப் போவார்கள். மீதிப் பேர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு. நான் வீட்டுத் தோசையோடு அறையிலேயே இருந்துவிடுவேன். அமைதியாக வேலை பார்க்கலாம்.

ஸ்டெஃபனி என் ஆய்வு மாணவி, கிள்ளான் ஊர்ப் பெண். அவள் ஆராய்ந்தது ஓர் இரட்டை விண்மீனை. அதில் ஒன்று வெள்ளைக் குள்ளன், எரிந்து முடிந்த சிறு விண்மீன்; துணை விண்மீனின் வாயுவைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். விழும் வாயு சூடேறி எக்ஸ்ரேயை உமிழும். வெள்ளைக் குள்ளனுக்கு வலுவான காந்தப்புலம் இருந்தால், அது சுழலச் சுழல எக்ஸ்ரே துடிப்பாகக் கூடிக் குறையும். இந்த விண்மீனில் காந்தப்புலம் இல்லை என்று ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் நான். எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கித் தந்த கட்டுரை அது.

ஸ்டெஃபனி 812 விநாடிக்கு ஒரு துடிப்பைக் கண்டுபிடித்தாள். சரியாகத்தான் கண்டுபிடித்தாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அவள் தரவுக் கோப்பைத் திறந்து, எக்ஸ்ரே துகள்கள் வந்த நேரங்களை மட்டும் கலைத்துப் போட்டேன். எண்ணிக்கை மாறாது, துடிப்பு போய்விடும். அடுத்த வாரம் பழைய கோப்பைத் திரும்ப வைத்தேன். அதற்கடுத்த வாரம் மறுபடி கலைத்தேன்.

“வியாழக்கிழம இருந்துச்சு சார், இன்னிக்குக் காணோம். ரயன் தொட்டிருப்பானோ?”

ரயன் பக்கத்து மேசைக்காரன். “அவன் அப்படிச் செய்யமாட்டான்மா,” என்றேன், கொஞ்சம் யோசித்த பிறகு.

“ஒன்னோட ஸ்டார திருடி பாசார்லயா விக்கப் போறேன், சொல்லு லா,” என்று ரயன் சிரித்துப் பார்த்தான். அவள் மேசையை மாற்றிக்கொண்டாள். கடவுச்சொல்லையும் மாற்றி, புதியதை என்னிடம் எழுதிக் கொடுத்தாள். “ஒங்களத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது சார்.”

பிறகு அவள் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்தாள். தூக்கம் போனது. மனநல மருத்துவரிடம் நானே காரில் அழைத்துப் போனேன். இல்லாததைப் பார்க்கிறாள் என்று அவரிடம் அக்கறையோடு சொன்னேன். அவள் ஆய்வை விட்டாள்.

812 விநாடித் துடிப்பைப் பற்றிய கட்டுரை மார்ச்சில் என் பெயரில் வந்தது. தன் பழைய தவறைத் தானே திருத்திய நேர்மை என்று பலர் பாராட்டினார்கள்.

விசாரணைக் குழுவினர் நீங்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். கட்டுரை வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அறைச் சாவியைத் திருப்பித் தர வந்தாள்.

“ஒன்னு மட்டும் சொல்லுங்க சார். அது அங்க இல்லதானே? இல்லன்னு நீங்க சொன்னா மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறேன்.”

“இல்லம்மா,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.