குடும்பத்தில் வேறு யாருக்காவது?

இவோன்: ஆடாம நில்லு மரியுக்ஸி. தோளைத் தளர்த்து... மூச்சைப் பிடிக்காதே.

மரியுக்ஸி: ஜில்லுன்னு இருக்கு டாக்டர். முதுகுல நத்தை ஏறற மாதிரி.

இவோன்: களிம்புதான். அது இல்லாட்டி ஸ்கேனுக்கு ஒண்ணும் தெரியாது.

அசுசேனா: அந்தக் கருவியை இடுப்புல வச்சுக் கழுத்து வரைக்கும் மெதுவா இழுக்கறீங்களே... சட்டை முதுகுக்கு நான் இஸ்திரி போடறதும் இப்படித்தான்.

மரியுக்ஸி: அம்மாகிட்ட குடுங்க டாக்டர். ஒரே இழுப்புல என் முதுகெலும்பை நிமித்திடுவா.

அசுசேனா: வாயைப் பாரு. பதிமூணு வயசுக்கு...

இவோன்: ரெண்டு பேரும் சிரிக்காதீங்க, படம் கலங்கும்.

அசுசேனா: இதுல நெசமாவே கதிர் எதுவும் இல்லையா? எத்தனை தடவை எடுத்தாலும்?

இவோன்: இல்லக்கா. வெறும் ஒலி. நம்ம காதுக்குக் கேக்காத ஒலி. எலும்புல பட்டுத் திரும்பி வருது, இந்தப் பெட்டி அதைப் படமாக்குது. வயித்துல இருக்கற பிள்ளையைப் பாக்கறதும் இதாலதானே.

அசுசேனா: எந்த மகராசன் யோசிச்சானோ...

மரியுக்ஸி: அப்ப எனக்கு இனிமே எக்ஸ்ரே கிடையாதா?

இவோன்: மொதல்ல ஒண்ணு எடுத்தோமே, அது அவசியம். ஆனா நீ வளர்ற பிள்ளை. நாலு மாசத்துக்கு ஒரு தடவை அளக்கணும். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரேன்னா உடம்புக்கு ஆகாது. முதுகு வளைவு கூடின மாதிரி இதுல தெரிஞ்சாதான் திரும்ப அங்கே போகணும்.

அசுசேனா: கூடியிருந்தா... ஆபரேஷனா?

இவோன்: படம் வரட்டும்கா.

மரியுக்ஸி: அம்மா, கையை விடு. நசுங்குது.

அசுசேனா: நானா பிடிச்சிருக்கேன்?

மரியுக்ஸி: பின்ன, நத்தையா?

இவோன்: ம்... வந்துடுச்சு. இங்க பாருங்க. ஆரம்பத்துல இருபத்துநாலு டிகிரி. போன தடவையும் அதே. இப்ப இருபத்துமூணு.

அசுசேனா: குறைஞ்சிருக்கா?

இவோன்: ஒரு டிகிரியை நான் குறைச்சல்னு சொல்ல மாட்டேன். அளக்கறதுலயே அந்த அளவு முன்னே பின்னே வரும். ஆனா கூடல. எட்டு மாசத்துல மூணு விரக்கடை உசந்திருக்கா, வளைவு நின்ன இடத்துல நிக்குது. முதுகு மேல வளையாம இருக்கக் குடுத்த அந்த பிளாஸ்டிக் பெல்ட்டை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடறே?

மரியுக்ஸி: பதினெட்டு மணி நேரம். வாலிபால் ஆடறப்பவும் குளிக்கறப்பவும் சாயங்காலம் கொஞ்ச நேரமும் கழட்டுவேன்.

இவோன்: இந்த குவாயகில் ஊர்ப் புழுக்கத்துல பதினெட்டு மணி நேரமா? உன்னைவிடப் பெரிய பிள்ளைங்க பன்னெண்டுக்கே இங்க வந்து அழுவாங்க.

மரியுக்ஸி: வேர்த்து ஊத்தும். பஸ்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. இடம் தாராளமா கிடைக்கும்.

இவோன்: இன்னிக்கு இங்க வர்ற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் உன்னைப் பத்தித்தான் பேசப்போறேன்.

மரியுக்ஸி: பேசுங்க. அம்மா எனக்கு ரெண்டு கிண்ணம் மீன் சூப் வாங்கித் தரட்டும், வாழைக்காய் வறுவலோட.

அசுசேனா: மூணு வாங்கித் தரேன். ஒரு நாள் முனகினதில்ல டாக்டர் இவ. நானாயிருந்தா...

இவோன்: நீங்களாயிருந்தா?

அசுசேனா: ஒண்ணுமில்ல.

இவோன்: சரி, இந்தத் தாளை நிரப்பிடலாம். வழக்கமான கேள்விதான். குடும்பத்துல வேற யாருக்காவது முதுகு வளைவு உண்டா? போன ரெண்டு தடவையும் இல்லைன்னு சொன்னீங்க. அப்படியே போடட்டுமா?

அசுசேனா: இருங்க டாக்டர், போடாதீங்க.

இவோன்: அக்கா?

அசுசேனா: இல்லைன்னு இருக்கறதை அடிச்சிடுங்க. அம்மாவுக்குன்னு எழுதுங்க.

இவோன்: எப்பலேருந்து?

அசுசேனா: இவ வயசுலேருந்து. அப்ப என்னை ஒருத்தரும் அளக்கல. தொளதொளன்னு ஒரு சட்டை தைச்சுக் குடுத்தாங்க, அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் போடறேன்... மரியுக்ஸி, என்னைப் பாரேன். இது என்கிட்டேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா வெறுத்துடுவியோன்னு வாயைத் திறக்கல.

மரியுக்ஸி: எனக்குத் தெரியும்மா. போன வருஷம் நீ குளிச்சிட்டு வந்தப்ப கதவு சரியாச் சாத்தல... பாத்துட்டேன். மறுநாளே ஸ்கூல் நர்ஸ்கிட்ட நானாப் போய் முதுகைக் காட்டிக் குனிஞ்சு நின்னேன். அவங்களா கண்டுபிடிச்சாங்கன்னு உன்கிட்ட சொன்னது பொய். உன் முதுகைப் பாக்காம இருந்திருந்தா, என்னுது யாருக்குமே தெரிஞ்சிருக்காது.