பதினேழாம் வீட்டுக்காரர் சொன்ன பதில்

— நானூத்திப் பன்னெண்டு பேருன்னா, அதுல நம்ம ஊரு ஆளு எத்தனை பேரும்மா?

— ஊருக்காரங்க யாரும் இல்லீங்க, வைரக்கண்ணு ஐயா. எல்லாரும் ஆராய்ச்சி பண்றவங்க. எங்க பேராசிரியர் ஜெக்கரியா இந்த ஊரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரில்ல, அதை மேற்கோள் காட்டி இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பேரு எழுதியிருக்காங்க. ஒரு பொருளாதார அறிஞரோட செல்வாக்கை அப்படித்தான் அளக்குறது.

— ஏங்க, அந்த நானூத்திப் பன்னெண்டுல ஒருத்தனாவது குடவாசல்ல பஸ்ஸை விட்டு எறங்கியிருப்பானான்னு கேளுங்க.

— அம்சவல்லி, சும்மா இரு. மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க. போயி டீயைப் போடு.

— இருக்கட்டுங்க, அக்கா கேக்குறது நியாயந்தான். எறங்கியிருக்க மாட்டாங்க. படிச்சாப் போதும் அவங்களுக்கு. நான் அந்த ஆராய்ச்சி நிலையத்துல நூலகர். பேராசிரியர் போன தை மாசம் தவறிட்டாரு. அதுலேர்ந்து யாரு யாரு மேற்கோள் காட்டினாங்கன்னு எண்ணுறதுதான் என் வேலை. நினைவு மலர் போடுறோம். அவரு நேர்ல பேட்டி எடுத்த ஆளுன்னு உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாக் கிளம்பிடுவேன்.

— எடுத்துக்குங்கம்மா. சட்டை போட்டுக்கவா, இப்படியே நிக்கவா?

— இப்படியே, பின்னால வயல் தெரியட்டும். இது உங்க வயல்தானே?

— அதைத்தாம்மா வியாழக்கிழமை சொல்லப்போறாங்க.

— யாரு?

— கோர்ட்டுல. ஒம்போது மா, மூணு ஏக்கரு வரும். எங்கப்பா காலத்துலேர்ந்து குத்தகை. அறுபத்தொம்போதுல, கழக ஆட்சியில, குத்தகைதாரரைப் பதிஞ்சுக்கணும்னு சட்டம் வந்துச்சு. பதியப் போனா, இவன் குத்தகைதாரனே இல்ல, கூலிக்காரன்னு பண்ணை மனு போட்டுச்சு. அப்புறம் ஆட்சி எத்தனையோ தடவை மாறிடுச்சு. கேசு மாறல. இப்ப கடைசி விசாரணை. தோத்தா அறுப்புக்கு முந்தியே வயலை விட்டு ஏறிடணும். பண்ணை வக்கீலு உங்க பேராசிரியரோட கட்டுரையத்தான் கோர்ட்டுல நீட்டியிருக்காரு.

— கோர்ட்டுலயா! நிஜமாவா? எங்க பட்டியல்ல இது வரவே இல்லையே!

— அம்சவல்லி, சர்க்கரை கொஞ்சமாப் போடு. அவங்க ஏற்கெனவே சந்தோசமா இருக்காங்க.

— மன்னிச்சுக்குங்க ஐயா. நான் வேற நினைப்புல சொல்லிட்டேன். கட்டுரையில இங்க குத்தகையே கிடையாது, எல்லாம் பண்ணையோட சொந்தச் சாகுபடின்னுதான் இருக்கு. வீடு வீடாக் கேட்டு எழுதினது. பதினேழாம் வீடு நீங்க. நீங்களே அப்படிச் சொன்னதாத்தானே இருக்கு?

— சொன்னேன். எனக்கு அப்ப இருபது வயசு. உங்க ஐயா நாற்காலியில உக்காந்திருக்காரு. பக்கத்து நாற்காலியில பண்ணைக் காரியக்காரரு. சாகுபடி யாருதுன்னு கேட்டாரு. காரியக்காரரை வச்சுக்கிட்டு என்னுதுன்னு எப்படிம்மா சொல்றது? பண்ணையோட சாகுபடிங்க, நான் சும்மாப் பாத்துக்குறேன்னேன். நம்ம பக்கம் மரியாதைக்கு அப்படித்தான் பேசுவோம். விதை என்னுது, மாடு என்னுதுன்னு காரியக்காரருக்கே தெரியும். உங்க ஐயா வெளியூரு. அப்படியே எழுதிக்கிட்டாரு.

— முப்பத்தோரு வீட்டுலயும் இதே பதிலும்மா. ஊரே மரியாதை தெரிஞ்ச ஊரு. இந்தாங்க டீ.

— தேங்க்ஸ்க்கா.

— ஏம்மா, அந்தக் கட்டுரை தப்புன்னு யாராச்சும் எழுதலியா?

— ஒரு அறுபது பேரு எழுதியிருக்காங்க.

— அது போகத்தான் நானூத்திப் பன்னெண்டா?

— சேத்துத்தாங்க ஐயா. பாராட்டினாலும் திட்டினாலும் எண்ணிக்கையில ஒண்ணு.

— நெல்லு அளக்குறப்பக்கூட பதரைத் தூத்திட்டுத்தாம்மா நாங்க அளப்போம்.

— நீ சும்மா இரு அம்சவல்லி. அந்த அறுபது பேருல, அன்னிக்கு இங்க நடந்ததைச் சொன்னவங்க யாராச்சும் உண்டாம்மா?

— இல்லீங்க. எல்லாம் புள்ளிவிவரத்தை வச்சு மறுத்தது.

— எங்க வக்கீலும் அதான் சொல்றாரு. நேர்ல இருந்தவங்க எழுதினது ஒண்ணு கெடைச்சா, கேசு நம்ம பக்கம் திரும்பிடுமாம்.

— கொஞ்சம் இருங்க ஐயா.

— பையில என்னம்மா தேடுறீங்க?

— ஏழு கட்டுரையைப் பட்டியல்லேர்ந்து நானே அடிச்சுட்டேன். ஒருத்தர் எழுதினதை அவரே மேற்கோள் காட்டினா எண்ணக் கூடாதுன்னு விதி. ஏழும் ஜெக்கரியா ஐயாவே எழுதினது. பேரை மட்டும் பாத்துட்டு அடிச்சேன், உள்ள படிக்கல. இதோ, இது எண்பத்தொண்ணுல எழுதினது. குடவாசல்னு தலைப்பிலயே இருக்கு.

— படிங்கம்மா.

— இங்கிலீஷ்ல இருக்கு. சொல்றேன். பதினேழாம் வீட்டுக்காரரைப் பன்னெண்டு வருஷம் கழிச்சு வயல்ல தனியாப் பாத்தேன். வெள்ளம் வந்தா நட்டம் யாருக்குன்னு கேட்டேன். எனக்குத்தான்னாரு. முதல்லயே இதைக் கேக்காம விட்டது என் பிழை. அன்னிக்குப் பண்ணையோட ஆளைப் பக்கத்துல உக்கார வச்சது அதைவிடப் பெரிய பிழை. இந்த ஊருல முப்பத்தோரு வீடும் குத்தகைதாரருங்க. என் கட்டுரை தப்பு.

— வந்தாரும்மா. ஒரு நாள் வந்தாரு. வரப்புல நின்னு பேசிட்டு, வெயில்ல நடந்தே போனாரு. எழுதினாருன்னு தெரியாது.

— நகலை நீங்களே வச்சுக்குங்க ஐயா. வக்கீல்கிட்ட குடுத்துடுங்க.

— இதை எத்தனை பேரும்மா மேற்கோள் காட்டினாங்க?

— ஒருத்தரும் இல்லீங்க.

— சரிம்மா. டீ ஆறுது, குடிங்க.

— ஏங்க, அதையும் கேட்டுருங்க.

— வேணாம் அம்சவல்லி. நம்மளைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. மொகத்துக்கு நேரா எப்படிக் கேக்குறது?

— எதுன்னாலும் கேளுங்க ஐயா.

— ஒண்ணுமில்லம்மா. நீங்க போட்டோவை எடுங்க.

— அவரு கேக்க மாட்டாரும்மா. நான் கேக்குறேன். பண்ணை வக்கீலு கட்டுரையோட இன்னொரு காயிதமும் சேத்துக் குடுத்திருக்காரு. கோர்ட்டுக்குன்னு சொல்லாம அவரு கடுதாசி போட்டுக் கேட்டாராம், மெட்ராஸ்லேர்ந்து சான்று எழுதி அனுப்பினாங்களாம். நானூத்திப் பன்னெண்டு அறிஞருங்க இந்தக் கட்டுரையை ஏத்துக்கிட்டிருக்காங்க, அதுக்கு மேல இந்த வைரக்கண்ணு பேச்சு எடுபடுமான்னு ஜட்ஜைக் கேக்குறாரு. இந்தாங்க, பாருங்க. கீழ ஹமீதா பானு, நூலகர்னு போட்டிருக்கு. இது உங்க கையெழுத்துதானேம்மா?