பன்னிரண்டு மணி லாரி

மனைவி: …நீங்க தரையில கிழிச்ச கோட்டைத் தாண்டலைங்க, எட்டித்தானே பாக்குறேன்.

மெக்கானிக்: எட்டியும் பாக்காதே. ரம்பம் ஓட ஆரம்பிச்சா அதுக்கு நீ யாரு, நான் யாருன்னு தெரியாது.

மனைவி: மரம் அறுக்குற மில்லுன்னு மூணு வண்டி துருவை வீட்டுக்குக் கொண்டு வந்து, மூணு வருஷமா எண்ணெய் போட்டுத் துடைக்கிறீங்க. இன்னும் ஒரு விறகைக் கூட அது அறுக்கல.

மெக்கானிக்: இன்னிக்கு அறுக்கும். மணி என்ன?

மனைவி: பதினொண்ணே கால். பன்னிரண்டுக்கு லாரி.

மெக்கானிக்: ஞாபகப்படுத்தாதே.

மனைவி: பேச்சுன்னா பேச்சு. லாரி வர்றதுக்குள்ள ஒரு பலகை. இந்த முனையும் அந்த முனையும் ஒரே கனம். இல்லேன்னா மில்லு மொத்தமும் பழைய இரும்புக்குப் போகுது. நீங்கதான் தலையாட்டுனீங்க.

மெக்கானிக்: ஆட்டுனேன், ஆட்டுனேன். அதுக்குன்னு விடிஞ்சதும் விடியாததுமா ஷெட்டு முன்னாடி அவ்வளவு இடத்தையும் ஒழிச்சு வைக்கணுமா? வழியனுப்ப அவ்வளவு அவசரமா உனக்கு?

மனைவி: லாரி நிக்க வேணாமா.

மெக்கானிக்: கல்நெஞ்சுடி உனக்கு. இதை நம்பி பஸ் டிப்போ வேலையை விட்டவன்…

மனைவி: புலம்பினது போதும், பெல்ட்டை மாட்டுங்க. தண்டவாளம் மட்டமா இருக்கா?

மெக்கானிக்: மட்டம் பாக்குற தண்ணிக் குழாய் வச்சு ஏழு தடவை பாத்துட்டேன். கட்டை ஏத்துற தள்ளுவண்டி ஒரு விரல்ல தள்ளினா ஓடும்.

மனைவி: இருங்க… ஏங்க, இந்த ரம்பம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிஞ்சிருக்கே?

மெக்கானிக்: அது அப்படித்தான் இருக்கணும். நிக்கிறப்ப குழி. வேகம் பிடிச்சா விறைச்சுக்கிட்டு நேராயிடும்.

மனைவி: யார் சொன்னா?

மெக்கானிக்: ஊர் உலகத்துக்கே தெரிஞ்சதுதான்.

மனைவி: உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?

மெக்கானிக்: …போன மாசம்.

மனைவி: அதுக்கு முன்னாடி?

மெக்கானிக்: அதுக்கு முன்னாடி… ரம்பம் வளைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். சுத்தியலை எடுத்து, லேசாத் தட்டி…

மனைவி: ஷெட்டுக் கதவைச் சரி பண்றேன்னு நாலு நாள் டங்கு டங்குன்னு அடிச்சீங்களே, அந்த லேசா?

மெக்கானிக்: அதேதான். குழி துளிகூட இல்லாம சமமாக்கிட்டேன். ஓட்டிப் பாத்தா கொடியில போட்ட துணி மாதிரி ஆடுது. ரம்பத்தைத் தட்டிச் சரி பண்றவர்கிட்ட தூக்கிட்டு ஓடுனேன். அவர் பாத்துட்டு, "என்னப்பா, நல்லா இஸ்திரி போட்டுக் கொண்டு வந்திருக்கே"ங்கறார். மறுபடி குழி எடுக்க அவருக்கு ரெண்டு நாள் ஆச்சு.

மனைவி: அப்போ சாக்கு சுத்தி, அக்கா வீட்டுக்கு மேஜைக் கண்ணாடின்னு நீங்களும் உங்க தம்பியும் மூச்சு வாங்கத் தூக்கிட்டுப் போனது…

மெக்கானிக்: மானத்தை வாங்காதே. உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே லாரியைக் கூப்பிட்டிருப்பே.

மனைவி: ஆமா, என்னை நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. மணி பதினொண்ணரை.

மெக்கானிக்: பெல்ட்டை மாட்டியாச்சு.

மனைவி: அப்போ எஞ்சினைக் கிளப்புங்க.

மெக்கானிக்: …ஆங், பிடிச்சிருச்சு. தள்ளி நில்லு, பெல்ட்டை விடுறேன்.

மனைவி: ஆடுதுங்க. ரம்பம் ஆடுது. வேணாம், நிறுத்துங்க.

மெக்கானிக்: இன்னும் வேகம் வரல. இரு… இன்னும் கொஞ்சம்… இரு…

மனைவி: ஐயோ… ஏங்க, ஆட்டம் அடங்கிடுச்சு. கோடு கிழிச்ச மாதிரி நிக்குது.

மெக்கானிக்: சொன்னேனா இல்லையா? சொன்னேனா? கட்டையைத் தள்ளுறேன். மொத வெட்டு வெறும் மேல்பட்டை. அதைக் கணக்குல எடுக்காதே, அடுத்ததுதான் பலகை.

மனைவி: மெதுவா… மெதுவா… அம்மாடி, என்னமா வழுக்கிட்டுப் போகுது.

மெக்கானிக்: தூள் எப்படி அடிக்குது பாரு. மழை மாதிரி. …மேல்பட்டை விழுந்துருச்சு, இப்போ பலகை… வந்துருச்சு. பிடி, பிடி. எஞ்சினை நிறுத்திட்டேன். டேப்பை எடுத்து நீயே அள. நான் பாக்க மாட்டேன்.

மனைவி: இந்த முனை… ஒரு இன்ச்.

மெக்கானிக்: நடுவுல?

மனைவி: ஒரு இன்ச்.

மெக்கானிக்: அந்த முனை? சீக்கிரம் சொல்லு.

மனைவி: ஒரு இன்ச்சுங்க. மயிரிழை கூட மாறல.

மெக்கானிக்: இன்னொரு தடவை அள.

மனைவி: ரெண்டு தடவை அளந்தாச்சு. கண்ணைத் தேய்க்காதீங்க, கையெல்லாம் தூள்.

மெக்கானிக்: தூள்தான் கண்ணுல… வேற ஒண்ணுமில்ல. அது என்ன, ஹாரனா? வந்துட்டானா? இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. போய்ச் சொல்லு, ஒரு ஆணி கூடக் கிடையாதுன்னு. திரும்பிப் போகச் சொல்லு.

லாரிக்காரர்: அக்கா, ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரமே வந்துட்டேன். பள்ளிக்கூட பெஞ்சுக்குன்னு நீங்க சொன்ன முப்பது கட்டையும் இருக்கு. இந்த ஒழிச்சு வச்சிருக்கிற இடத்துலயே இறக்கிடவா?

மெக்கானிக்: கட்டையா? ஏய்… பழைய இரும்புக்குன்னு சொன்னியே…

மனைவி: இறக்குங்கண்ணே. …பழைய இரும்புக்காரனை நான் கூப்பிடவே இல்லைங்க. நீங்க மேஜைக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டு வந்த அன்னிக்கே சாக்கைப் பிரிச்சு, ரம்பம் ரிப்பேராகி வந்திருக்குன்னு பாத்துட்டேன். உங்க வாயாலயே வரட்டும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன். மறுநாள் போய் பெஞ்சு ஆர்டரை வாங்கி, மரத்துக்கும் சொல்லிட்டு வந்தேன். பயம் காட்டலேன்னா நீங்க இன்னும் மூணு வருஷம் எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்திருப்பீங்க.